சமரச ஒப்பந்தம்: கடைசி ரூபாய் கைக்கு வரும்வரை தாங்கும்படி எழுதுவது எப்படி?

தமிழ்நாட்டில் ‘செட்டில்மென்ட்’ என்ற சொல்லுக்கு இடத்துக்கு ஒரு பொருள். சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டால், தகப்பன் மகளுக்கு அன்பின் பேரில் சொத்து எழுதிக் கொடுக்கும் பத்திரம். கம்பெனியில் கேட்டால், வேலையை விட்டுப் போகிறவருக்குத் தரும் கடைசிக் கணக்கு. நீதிமன்ற வராண்டாவில் கேட்டால், வழக்கைப் பேசி முடிப்பது. இந்த வழிகாட்டி பின்னிரண்டைப் பற்றியது: உரிமையியல் வழக்கிலும் வேலைத் தகராறிலும் இரு தரப்பும் எழுதிக் கையெழுத்திடும் சமரச ஒப்பந்தம்.

ஒப்பந்தம் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் தொகையைப் பற்றியே மூன்று மணி நேரம் பேசுவார்கள். எதிர்த் தரப்பு வாக்குத் தவறினால் என்ன என்பதற்கு மூன்று நிமிடம்கூடச் செலவழிப்பதில்லை. ஒப்பந்தத்தின் பலம் முழுக்க அந்த மூன்று நிமிடத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு ஷரத்தையும் எழுதும்போது, ‘இவர் தவறினால் நாளைக் காலை நான் எந்த வாசலில் போய் நிற்பேன்?’ என்று கேட்டுக்கொண்டே எழுதுங்கள். பதில் கிடைக்காத ஷரத்தை மாற்றி எழுதுங்கள்.

எங்கே பதிவு செய்வது?

ஒரே வாசகம்தான், பதிவாகும் இடத்தைப் பொறுத்து அதன் வலு மாறும்.

முதலாவது, வெறும் ஒப்பந்தம். முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சி வைத்து, ஆளுக்கொரு பிரதி. நோட்டரி முத்திரை குத்தினாலும் இது ஒப்பந்தம்தான், தீர்ப்பு ஆகிவிடாது. எதிர்த் தரப்பு தவறினால், இந்த ஒப்பந்தத்தை வைத்து நீங்கள் புதிதாக வழக்குப் போட வேண்டும். தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் 3%. பத்து லட்சத்துக்கு முப்பதாயிரம். அதன் பிறகு சம்மன், எதிருரை, சாட்சி விசாரணை என்று எல்லாம் முதலிலிருந்து.

இரண்டாவது, ஏற்கெனவே நடக்கும் வழக்கில் சமரச மனு தாக்கல் செய்வது. உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908, கட்டளை 23, விதி 3. எழுத்தில் இருக்க வேண்டும், தரப்பினர் கையெழுத்திட்டிருக்க வேண்டும், சட்டத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். நீதிபதி ஏற்றுக்கொண்டால் அது தீர்ப்பாணை (டிக்ரி) ஆகிவிடும். தவறினால் புது வழக்கு வேண்டாம்; நேரே நிறைவேற்று மனு, வக்கீல் குமாஸ்தாக்கள் சொல்லும் ‘ஈ.பி.’, போடலாம். அதற்கு 12 ஆண்டு அவகாசம். இப்படி வந்த தீர்ப்பாணையின் மேல் பிரிவு 96(3)-இன்படி மேல்முறையீடு கிடையாது. தனி வழக்குப் போட்டு ரத்து செய்யவும் விதி 3ஏ தடுக்கிறது. ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினார்கள் என்றால், தீர்ப்பாணை கொடுத்த அதே நீதிமன்றத்தில்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, மக்கள் நீதிமன்றம் என்ற லோக் அதாலத். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இதன் முடிவைச் சிவில் நீதிமன்றத் தீர்ப்பாணையாகவே கருதுகிறது, மேல்முறையீடு இல்லை. பலருக்குத் தெரியாத ஒன்று: வழக்கே போடாமலும் இங்கே வரலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலோ வட்ட சட்டப்பணிகள் குழுவிலோ மனுக் கொடுத்தால், எதிர்த் தரப்பைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். கட்டணம் இல்லை. பேசி முடித்துவிட்ட, ஆனால் வழக்கில்லாத தகராறுக்கு, வெறும் முத்திரைத்தாளோடு நிற்பதைவிட இது எவ்வளவோ மேல். எதிர்த் தரப்பு சம்மதிக்காவிட்டால் மட்டும் இங்கே எதுவும் நடக்காது.

நான்காவது, வேலைத் தகராறுக்கான வழி. தொழிற்சங்க வட்டாரத்தில் இன்றும் ‘பன்னிரண்டு மூணு’, ‘பதினெட்டு ஒண்ணு’ என்றுதான் பேச்சு. 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தின் பிரிவு எண்கள் அவை. தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னால் கையெழுத்தானது 12(3). சங்கத்தில் சேராதவர், பிறகு வேலைக்கு வருகிறவர் உட்பட அத்தனை தொழிலாளரையும் கட்டுப்படுத்தும். நிர்வாகமும் தொழிலாளியும் தங்களுக்குள் போட்டுக்கொண்டது 18(1). கையெழுத்திட்டவரை மட்டுமே கட்டுப்படுத்தும். 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன. இந்த இரு வகை வேறுபாடு மட்டும் அப்படியே இருக்கிறது.

தனியாகப் போட்ட ஒப்பந்தத்தில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. அதன் நகலைத் தொழிலாளர் துறைக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டத்தின் வரையறையிலேயே இருக்கிறது. கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். பிறகு வசூலுக்குப் போகும்போது, ‘இது சட்டம் சொல்லும் உடன்பாடே இல்லை’ என்று எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்து நிற்பார். பதிவுத் தபால் ரசீதோடு நகலை அனுப்பிவிடுங்கள்.

வணிகத் தகராறுக்கு ஒரு தனி விதி. மூன்று லட்சமும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிக வழக்கில், அவசர இடைக்கால உத்தரவு தேவைப்படாவிட்டால், வழக்குப் போடும் முன் சமரச மையத்துக்குப் போயே ஆக வேண்டும். வணிக நீதிமன்றங்கள் சட்டம், பிரிவு 12ஏ. அங்கே முடிந்தால் அந்த ஒப்பந்தத்துக்கு நடுவர் தீர்ப்பின் மதிப்பு; அதாவது தீர்ப்பாணை போலவே நிறைவேற்றலாம்.

பேசப் போகும் முன் கணக்கு

தாளை இரண்டு நெடுவரிசையாகப் பிரித்து எழுதுங்கள். ஒன்றில் சட்டப்படி வரவேண்டியது, மற்றதில் பேரம் பேசக்கூடியது. இரண்டையும் கலக்கிற இடத்தில்தான் தொழிலாளி ஏமாறுகிறார்.

பழைய சட்டங்களின் சம்பள வரையறைப்படி ஒரு கணக்கு பார்ப்போம். எட்டு வருடம் ஏழு மாதம் வேலை பார்த்த ஒருவரை ஆட்குறைப்பு செய்கிறார்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 26,000. மொத்தச் சம்பளம் 32,000. பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) 26,000-ஐ 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஒரு வருடத்துக்கு 15,000. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி ஒரு வருடமாகச் சேரும் என்பதால் ஒன்பது வருடம், ஆக 1,35,000. ஆட்குறைப்பு இழப்பீடு வருடத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம். இங்கே 26-ஆல் வகுக்கும் கணக்கு செல்லாது. அரை மாதச் சம்பளம் 16,000, ஒன்பது வருடத்துக்கு 1,44,000. முன்னறிவிப்பு கொடுக்காவிட்டால் ஒரு மாதச் சம்பளம் 32,000. மூன்றும் சேர்ந்து 3,11,000.

இப்போது கம்பெனி, ‘எல்லாம் சேர்த்து மூன்று லட்சம் தருகிறோம், பெரிய மனசு பண்ணித் தருகிறோம்’ என்று ஒரு தாளை நீட்டினால், அது உங்கள் பணத்தில் பதினோராயிரத்தைக் குறைத்துக்கொண்டு உங்களுக்கே தரும் தாள். விடுப்புச் சம்பளம், போனஸ் பாக்கி, பி.எஃப். எதுவும் இன்னும் கணக்கில் வரவேயில்லை. பேரம் 3,11,000-க்கு மேலேதான் ஆரம்பிக்க வேண்டும். பணிக்கொடையை விட்டுக்கொடுத்ததாக எழுதிக் கொடுத்தாலும், சட்டத்தை மீறி அந்த வாசகம் நிற்காது. பி.எஃப். தொகையும் அப்படியே. ஆனால் அதை நிரூபிக்க மறுபடி ஒரு மனு, மறுபடி இரண்டு வருடம். எழுதிக் கொடுக்காமலே இருப்பது சுலபம்.

மேலாளர் பதவியில் இருப்பவருக்கு ஆட்குறைப்பு இழப்பீட்டுக் கணக்கு பொருந்தாது; அவர் சட்டம் சொல்லும் தொழிலாளி அல்ல. மேற்பார்வை வேலையில் இருந்து மாதம் 18,000-க்கு மேல் வாங்குபவரும் சட்டத்தொகுப்பின் வரையறைக்கு வெளியே. பணிக்கொடை மட்டும் எல்லாருக்கும் உண்டு. அவர்களுக்கு நியமனக் கடிதத்தில் இருக்கும் முன்னறிவிப்புக் காலமே பேரத்தின் அடித்தளம்.

கடன் வழக்கிலோ கணக்கு வேறு மாதிரி. அசல், ஒப்புக்கொண்ட வட்டி, கட்டிய நீதிமன்றக் கட்டணம், வக்கீல் செலவு, தீர்ப்பு வர ஆகும் வருடங்கள் எல்லாவற்றையும் எழுதுங்கள். பிறகு, எதிராளியின் பேரில் ஜப்தி செய்ய ஏதாவது சொத்து இருக்கிறதா என்று பாருங்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல் பேச்சுவார்த்தைக்குப் போகாதீர்கள். ஒன்றுமே இல்லாதவரிடம் பத்து லட்சத்துக்குத் தீர்ப்பு வாங்குவதைவிட, அவர் மைத்துனர் ஜாமீன் கையெழுத்துப் போடும் ஏழு லட்சம் நல்லது.

பேச்சு நடந்தாலும் காலவரம்பு நிற்காது

கைமாற்றுக் கடனுக்கும் புரோநோட்டுக்கும் மூன்று வருடம். ‘பேசிக்கிட்டுத்தானே இருக்கோம்’ என்று இருக்கும்போதே அந்த மூன்று வருடம் முடிந்துவிடும். முடிந்த மறுநாள் எதிர்த் தரப்பு போனை எடுக்காது. பேச்சு ஆரம்பித்தவுடன், கெடு முடியும் முன்பே, ‘இன்ன தொகை நான் தர வேண்டியது உண்மை’ என்று ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். காலவரம்புச் சட்டம், 1963, பிரிவு 18-இன்படி கையெழுத்தான நாளிலிருந்து கெடு புதிதாக ஓடும். கெடு முடிந்த பிறகு வாங்கிய வெறும் ஒப்புதலுக்கு இந்தப் பலன் இல்லை.

வேலைத் தகராறிலும் இது உண்டு. பழைய சட்டத்தில் பணிநீக்கத்துக்கு மூன்று வருடம் இருந்தது. சட்டத்தொகுப்பில், தகராறு எழுந்து இரண்டு வருடம் கடந்தால் சமரச அலுவலர் நடவடிக்கை எடுக்க முடியாது. மனிதவளப் பிரிவு ‘மேலே பேசிட்டுச் சொல்றோம்’ என்று இழுத்தால், மனுவைப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

யார் கையெழுத்துப் போட வேண்டும்?

வழக்கில் உள்ள எல்லாரும். பாகப்பிரிவினை வழக்கில் நான்கு அண்ணன் தம்பிகள் கையெழுத்துப் போட்டு, கல்யாணமாகிப் போன அக்காவை விட்டுவிடுவது நம் ஊரில் சாதாரணம். அவர் பிரதிவாதியாக இருந்து, எழுத்தில் சம்மதிக்கவில்லை என்றால் அந்தச் சமரசம் நிற்காது. 2023-இல் உச்ச நீதிமன்றம் ஒரு பாகப்பிரிவினை வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இறந்துபோன தரப்பினர் இருந்தால் முதலில் வாரிசுகளைச் சேர்த்துவிட்டுச் சமரசத்துக்கு வாருங்கள்.

மைனர் இருந்தால் கட்டளை 32, விதி 7. காப்பாளர் தானாகக் கையெழுத்துப் போட முடியாது; நீதிமன்ற அனுமதி மனு தனியாகப் போட்டு, இது மைனருக்கு நல்லது என்று பிரமாண வாக்குமூலம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பையன் பதினெட்டு வயதில் வந்து எல்லாவற்றையும் கலைக்கலாம்.

பவர் பத்திரம் வைத்திருப்பவர் என்றால், அதில் ‘சமரசம் செய்துகொள்ள’ என்ற அதிகாரம் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘வழக்கு நடத்த’ என்று மட்டும் இருந்தால் போதாது. கம்பெனி என்றால் கையெழுத்திடுபவருக்கு அதிகாரம் கொடுத்த இயக்குநர் குழுத் தீர்மானத்தின் நகலைக் கேட்டு வாங்கி இணையுங்கள். வக்கீல் தன் கட்சிக்காரருக்காகக் கையெழுத்திட இடமுண்டு. ஆனாலும் கட்சிக்காரர் நேரில் வந்து ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டால், ‘நான் சொல்லவே இல்லை’ என்ற பேச்சு பிறகு எழாது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவரிடம் ஆங்கில ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்க வேண்டாம். வேறு வழி இல்லையென்றால், தமிழில் படித்துக் காட்டியவர் பெயரையும் கையெழுத்தையும் கடைசிப் பக்கத்தில் சேருங்கள்.

தவணை ஷரத்து எழுதும் விதம்

பெரும்பாலான சமரச மனுக்களில் இருப்பது இது:

‘பிரதிவாதி வாதிக்கு ரூ.7,00,000 மூன்று தவணைகளில் செலுத்தச் சம்மதிக்கிறார். தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.’

இதில் தேதி இல்லை, எந்தக் கணக்கு என்று இல்லை, ஒரு தவணை தவறினால் மற்ற இரண்டும் உடனே கேட்கலாமா என்று இல்லை. ‘சட்டப்படி நடவடிக்கை’ என்ற சொல்லுக்கு எந்தப் பலனும் இல்லை. அதை எழுதாமலே எடுக்கலாம். அதைவிட, பத்து லட்சத்துக்கு வழக்குப் போட்டவர் ஏழு லட்சமே கடன் என்று தானே எழுதிக் கொடுத்துவிட்டார்.

சிலர் பயமுறுத்துவதற்காக ‘தவறினால் ஐந்து லட்சம் அபராதம்’ என்று சேர்ப்பார்கள். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74-இன்படி, தண்டம் என்று எழுதிய தொகை அப்படியே கிடைக்காது. நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான். அந்த நியாயத்தைப் பற்றி வாதிட மறுபடி இரண்டு வருடம் ஓடும். தலைகீழாக எழுத வேண்டும்:

‘பிரதிவாதி வாதிக்கு ரூ.10,00,000 தர வேண்டியிருப்பதை ஒப்புக்கொள்கிறார். கீழ்க்கண்ட தேதிகளில், கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் மொத்தம் ரூ.7,00,000 செலுத்தினால் மீதி ரூ.3,00,000-ஐ வாதி விட்டுக்கொடுக்கிறார். எந்தத் தவணையாவது உரிய தேதியிலிருந்து 7 நாளுக்குள் வரவாகாவிட்டால் இந்தச் சலுகை தானாக ரத்தாகும். அதுவரை செலுத்தியது போக ரூ.10,00,000-இல் மீதி முழுவதையும், தவறிய நாளிலிருந்து ஆண்டுக்கு 12% வட்டியுடன், நிறைவேற்று மனு மூலம் ஒரே தடவையில் வசூலிக்க வாதிக்கு உரிமை உண்டு.’

இங்கே மூன்று லட்சம் அபராதம் அல்ல. சரியாகக் கட்டியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடி. கடன் பத்து லட்சம் என்பது ஒப்புக்கொண்ட உண்மை. பொதுவாக நீதிமன்றங்கள் இதைத் தண்டமாகப் பார்ப்பதில்லை. ஏழு நாள் சலுகைக் காலமும் வேண்டும். வங்கி விடுமுறை, சர்வர் கோளாறு என்று ஒருநாள் தாமதத்துக்கே மூன்று லட்சம் பறிபோனால் எந்த நீதிபதியும் முகம் சுளிப்பார்.

முதல் தவணை பெரியதாக இருக்கட்டும். கடைசித் தவணை அற்பமாக இருந்தால் அதைத் தராமலே விட்டுவிடுவார்கள். நீங்களும் அதற்காக ஈ.பி. போட மாட்டீர்கள். ரொக்கம் வேண்டாம். ஒரு விவகாரத்தில் இரண்டு லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கே அதே அளவு அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு.

பின்தேதியிட்ட காசோலைகள் வாங்கினால் ஒவ்வொன்றின் எண்ணையும் தேதியையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். காசோலை மூன்று மாதமே செல்லும். திரும்பினால், வங்கித் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், எதிராளிக்கு 15 நாள் அவகாசம், அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் குற்றவியல் புகார். ஏற்கெனவே காசோலை வழக்கு ஒன்று நடந்துகொண்டிருந்து, சமரசத்தில் புதுக் காசோலை வாங்கினால் கவனம். 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சமரச ஒப்பந்தம் பழைய புகாரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது என்று சொல்லிவிட்டது. பழைய வழக்கு நாலு வருடம் ஓடி முடியும் தறுவாயில் இருந்தால், வெறும் காசோலைக்கு அதை மாற்றிக்கொள்வது நஷ்ட வியாபாரம். வங்கி வரைவோலையைக் கையில் கேளுங்கள்.

‘முதல்ல கேஸை வாபஸ் வாங்குங்க, பணம் தர்றேன்’ என்பார்கள். கட்டளை 23, விதி 1-இன்படி, புது வழக்குப் போட அனுமதி கேட்காமல் வாபஸ் வாங்கினால் அதே விஷயத்துக்கு மறுபடி வழக்குப் போட முடியாது. வழக்கை வாபஸ் வாங்காதீர்கள்; சமரசத் தீர்ப்பாணையாக முடியுங்கள்.

நிலமும் வீடும் இருந்தால்

சொத்து விவரத்தில் சர்வே எண், உட்பிரிவு, நான்கு எல்லை, பரப்பு எல்லாம் வழக்கு மனுவில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். சமரசம் பேசும்போது, ‘அந்தப் பம்புசெட்டு பக்கத்து அரை ஏக்கரையும் சேர்த்துக்கலாம்’ என்று வழக்கில் இல்லாத நிலத்தை உள்ளே கொண்டுவருவார்கள். பதிவுச் சட்டம், 1908, பிரிவு 17(2)(vi) இங்கே குறுக்கே நிற்கும்: வழக்குக்கு உட்பட்ட சொத்தைப் பற்றிய சமரசத் தீர்ப்பாணைக்குப் பதிவு கட்டாயம் இல்லை, வெளிச் சொத்து வந்தால் பதிவு கட்டாயம். பதியாவிட்டால் அந்த அரை ஏக்கர் யாருக்கும் மாறாது. முதலில் வழக்கு மனுவைத் திருத்தி அந்தச் சொத்தைச் சேருங்கள், அல்லது தனியாகப் பத்திரம் போடுங்கள்.

வழக்கில்லாமல் குடும்பத்துக்குள் பேசி முடித்ததற்கும் இதே சிக்கல். ‘சென்ற மாதம் வாய்மொழியாக இப்படிப் பிரித்துக்கொண்டோம்’ என்று நடந்ததைக் குறித்து வைக்கும் தாளுக்குப் பதிவு தேவையில்லை. ‘இதன்மூலம் பிரித்துக்கொள்கிறோம்’ என்று எழுதினால் அந்தத் தாளே பாகப்பிரிவினைப் பத்திரம். பதிவும் முத்திரைத் தீர்வையும் வேண்டும். இந்த ஒரு வினைச்சொல்லில் எத்தனையோ குடும்பங்கள் மாட்டியிருக்கின்றன. செலவுக்குப் பயந்து குறிப்பாக எழுதுவதைவிட, பத்திரமாகவே பதிந்துவிடுவது பின்னால் விற்கும்போதும் பட்டா மாற்றும்போதும் உதவும்.

வேலைத் தகராறில் மட்டும் வரும் ஷரத்துகள்

வேலையை விட்டுப் பிரிவதற்கு என்ன பெயர் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கம்பெனிக்கு ‘ராஜினாமா’ என்ற சொல் பிடிக்கும். ராஜினாமா என்று எழுதினால் ஆட்குறைப்பு இழப்பீடு இல்லை. அந்த இழப்பீட்டுக்குத் தொழிலாளிக்குக் கிடைக்கும் 5 லட்சம் வரையிலான வருமான வரி விலக்கும் போய்விடும். தொகையை ஒரே வரியில் ‘கருணைத் தொகை’ என்று எழுதினால், கம்பெனி அதைச் சம்பளமாக எடுத்து வரி பிடித்துவிட்டு மீதியைத்தான் அனுப்பும். பணிக்கொடை இவ்வளவு, இழப்பீடு இவ்வளவு, விடுப்புச் சம்பளம் இவ்வளவு, கூடுதலாகத் தருவது இவ்வளவு என்று தனித்தனி வரி வேண்டும். ஒப்புக்கொண்டது வரிக்கு முன்பா, வரி போகக் கைக்கு வருவதா என்பதையும் எழுதுங்கள்.

காகிதங்களை ஒப்பந்தத்தின் இணைப்பாகவே வைக்கச் சொல்லுங்கள். ‘பணிவிடுப்புக் கடிதம் தரப்படும்’ என்ற வரியை நம்பி வந்தவர், கடிதத்தில் ‘நடத்தை திருப்தியில்லை’ என்ற வரியோடு போவதுண்டு. ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ் இரண்டின் வாசகமும் முன்கூட்டியே முடிவாகி, அதே வாசகத்தில் தரப்படும் என்று இருக்க வேண்டும். பி.எஃப். கணக்கில் வேலையை விட்ட தேதியை இத்தனை நாளுக்குள் ஏற்ற வேண்டும் என்பதும் ஒரு ஷரத்து. ஏற்றாமல் விட்டால், கடைசிச் சந்தா செலுத்திய இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே இணையதளத்தில் தேதியைப் பதியலாம். ஆனால் பென்ஷன் கணக்கும் பணம் எடுப்பதும் அதுவரை தேங்கும்.

‘இரண்டு வருடம் போட்டிக் கம்பெனியில் சேர மாட்டேன்’ என்ற வரியைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். வேலையை விட்ட பிறகான இப்படிப்பட்ட தடை, ஒப்பந்தச் சட்டம் பிரிவு 27-இன்படி இந்தியாவில் செல்லாது. கம்பெனியின் ரகசியத்தைக் காப்பது என்ற ஷரத்து செல்லும். முதலாவதை அடிக்கச் சொல்லுங்கள். பிடிவாதம் பிடித்தால் அதற்காகப் பேரத்தை உடைக்க வேண்டாம்.

பாலியல் துன்புறுத்தல் புகார் இருந்தால் வழி வேறு. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் பிரிவு 10-இன்படி, புகார் கொடுத்த பெண் கேட்டால் மட்டுமே சமரசம். பணம் அந்தச் சமரசத்துக்கு அடிப்படையாக இருக்கக் கூடாது. புகாரை வாபஸ் வாங்கினால் இவ்வளவு தொகை என்று பணிவிலகல் ஒப்பந்தத்துக்குள் சொருகுவது சட்டவிரோதம். காவல் நிலைய வழக்கும் அப்படித்தான். ‘சாட்சி சொல்ல மாட்டேன்’ என்று பணத்துக்கு எழுதிக் கொடுப்பது செல்லாது. சமரசத்துக்கு உரிய குற்றங்களை அந்த நீதிமன்றத்திலும், மற்றதை உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு மூலமும் மட்டுமே முடிக்க முடியும். ஒப்பந்தத்தில் ‘ரத்து மனுவுக்கு ஒத்துழைப்பார்’ என்று எழுதலாம். அதற்கு மேல் வேண்டாம்.

‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி எல்லா ஒப்பந்தத்திலும் கடைசியில் வரும். அதை, ‘மேற்கண்ட தொகை முழுதும் வரவான பிறகு’ என்று ஆரம்பிக்கச் செய்யுங்கள். இல்லாவிட்டால் பணம் வரும் முன்பே கோரிக்கையை விட்டுவிட்டதாக ஆகும்.

அறையில் உட்காரவைத்துப் பயமுறுத்திக் கையெழுத்து வாங்கினால்? அன்றே, வீட்டுக்கு வந்தவுடன், நடந்ததைத் தேதி, நேரம், இருந்தவர் பெயரோடு கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். மூன்று மாதம் கழித்து, பணத்தையும் செலவழித்துவிட்டு, ‘வற்புறுத்தினார்கள்’ என்றால் நம்ப மாட்டார்கள். ஒப்பந்தத்தைக் கலைக்கக் கேட்பவர் வாங்கியதைத் திருப்பித் தரவும் வேண்டியிருக்கும்.

நீதிமன்றத்தில் பதிவாகும் நாள்

சமரச மனு இரண்டு தரப்பும் வக்கீல்களும் கையெழுத்திட்டதாக இருக்க வேண்டும். நீதிபதி இரு தரப்பையும் அழைத்து, புரிந்துதான் கையெழுத்திட்டீர்களா என்று கேட்பார். ஆதார் அட்டையோடு நேரில் போங்கள். ‘சமரச மனு தீர்ப்பாணையின் பகுதியாக அமையும்’ என்று உத்தரவில் வர வேண்டும். அன்றே சான்றிட்ட நகலுக்கு மனுப் போட்டுவிடுங்கள். ஈ.பி. போடும் நாளில்தான் தேடுவது என்றால் வழக்குக் கட்டு ஆவண அறைக்குப் போயிருக்கும்.

கட்டிய நீதிமன்றக் கட்டணத்தையும் மறக்காதீர்கள். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம், 1955, பிரிவு 69ஏ-இன்படி சமரச மையம் வழியாக முடிந்தால் முழுக் கட்டணமும் திரும்ப வரும். 2005-இல் நாட்டின் முதல் நீதிமன்றச் சமரச மையம் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் தொடங்கியது; அதன் வழியே வருகிறவர்களுக்கே இந்தச் சலுகை என்று நீண்ட காலம் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகங்கள் சொல்லிவந்தன. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தரப்பினர் தாங்களாகவே வெளியில் பேசி முடித்துக்கொண்டாலும் முழுக் கட்டணம் உண்டு என்று தீர்த்துவைத்தது. சமரச மனுவிலேயே கட்டணத்தைத் திருப்பித் தரும்படி ஒரு கோரிக்கை சேருங்கள்.

தவறினால்

தீர்ப்பாணை இருந்தால் ஈ.பி.; வங்கிக் கணக்கு முடக்கம், சம்பள ஜப்தி, சொத்து ஜப்தி என்று வரிசையாக. வேலை ஒப்பந்தம் என்றால், தொகை தெளிவாக எழுதப்பட்டிருக்கும்போது அரசுக்கு மனுக் கொடுத்து, கலெக்டர் மூலம் நிலவரி பாக்கி போல வசூலிக்கும் வழி இருக்கிறது. பழைய சட்டத்தின் 33சி(1) என்று எல்லாரும் அறிந்த ஏற்பாடுதான். கெடு ஒரு வருடம். ‘உரிய தொகை வழங்கப்படும்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் இந்தக் குறுக்குவழி கிடைக்காது. தொகையைக் கணக்கிடவே தீர்ப்பாயம் போக வேண்டும். வெறும் ஒப்பந்தத்தோடு நிற்பவருக்கு, தவறிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் புது வழக்கு.

கடைசித் தவணைக்குப் பிறகு

இது பணம் கட்டியவருக்கு. கடைசித் தவணையைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது. தீர்ப்பாணைத் தொகையைச் செலுத்தியதை நீதிமன்றத்தில் பதிய வேண்டும். கட்டளை 21, விதி 2. வாங்கியவர் பதியாவிட்டால் கட்டியவரே 30 நாளுக்குள் மனுப் போடலாம். கையில் ரொக்கமாகக் கொடுத்து, எழுத்தும் இல்லாமல், பதியாமலும் விட்ட பணத்தை நிறைவேற்று நீதிமன்றம் கணக்கில் எடுக்காது. அதே பணத்தை இரண்டாம் முறை கட்டியவர்கள் உண்டு.

வழக்கின் போது வீட்டின் மேல் தீர்ப்புக்கு முன் ஜப்தி வாங்கியிருந்தால், அது வில்லங்கத்தில் ஏறியிருக்கும். சமரசம் முடிந்தாலும் தானாக இறங்காது. ஜப்தியை நீக்கும் உத்தரவைச் சார்பதிவாளருக்கு நீதிமன்றமே அனுப்பும்படி மனுவில் கேளுங்கள். ஒரு மாதம் கழித்து வில்லங்கச் சான்று போட்டு, நீக்கம் பதிவாகியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். வராவிட்டால் உத்தரவின் சான்றிட்ட நகலோடு நேரில் போங்கள்.